பழந்தமிழ் நூல்களில் கொடி: வன்னி வகுப்பறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவுப் பக்கம் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். பாடத்தில் எங்கே கொடி வந்தாலும் "சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது பொறுக்காது. கொடியில் என்ன படம் என்பதைவிட, அந்தச் சீலை எங்கே நிற்கிறது, எந்தக் காற்றில் ஆடுகிறது, அதைப் பார்ப்பவர் யார் என்பதைத்தான் நம் புலவர்கள் அக்கறையோடு பாடியிருக்கிறார்கள். வகுப்பிலும், கோயில் மண்டபங்களில் பேசப் போகும் இடங்களிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கொடி, பதாகை, துவசம் எல்லாம் ஒன்றுதானா?

ஏறக்குறைய ஒன்றுதான். கொடி பொதுச் சொல். பதாகை பெருங்கொடி. துவசம், கேதனம் இரண்டும் வடமொழி வழி வந்தவை. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் "கதலிகைக் கொடியும் காழ்ஊன்று விலோதமும்" மாடத்திலும் வாயிலிலும் கட்டச் சொல்கிறான். விலோதமும் கொடிதான். "காழ் ஊன்று" என்றால் கம்பு நட்டு அதிலே ஏற்றியது.

படர்கிற கொடிக்கும் பறக்கிற கொடிக்கும் தமிழில் ஒரே சொல் என்பதைக் கவனியுங்கள். இரண்டும் மெலிந்து நீண்டு காற்றில் துவளும். அந்தத் துவளலுக்குப் பழைய பாட்டில் "நுடங்குதல்" என்று பெயர். நம் வீடுகளில் இந்தச் சொல் இன்னும் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று ஒருநாள் வகுப்பில் எண்ணினோம். உடுப்புக் காயப்போடுகிற கொடி, தொப்புள்கொடி, தாலிக்கொடி. கலியாண வீட்டில் "கொடி எத்தனை பவுண்?" என்று கேட்கும்போது யாரும் துணியை நினைப்பதில்லை. ஆனாலும் நீண்டு, மெலிந்து, ஒன்றைத் தாங்கித் தொங்குவது என்ற எண்ணம் எல்லாவற்றிலும் இருக்கிறது.

மூவேந்தர் கொடிகள் பற்றிச் சங்கப் பாட்டிலேயே சான்று உண்டா?

உண்டு. எனக்குப் பிடித்தது புறநானூறு 58. சோழன் திருமாவளவனும் பாண்டியன் பெருவழுதியும் ஒரே இடத்தில் ஒன்றாக இருப்பதைக் காரிக்கண்ணனார் காண்கிறார். இரண்டு பெரிய அரசர் பகையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது அவருக்குப் பெரும் மகிழ்ச்சி. பிறருடைய மலைகளில் புலியும் கெண்டையும் சேர்த்துப் பொறிக்கப்படட்டும் என்று வாழ்த்துகிறார். ஒன்றை இறக்கி மற்றதை ஏற்றச் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தே நிற்கட்டும் என்கிறார்.

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையிலும் இமயத்தின் நெற்றியில் கயலை எழுதி, பக்கத்தில் புலியும் வில்லும் எழுதிய பெருமை பேசப்படுகிறது.

புலிக்கொடி என்றதும் வன்னியில் எவருக்கும் அண்மைக் காலம் நினைவுக்கு வரும். அந்த நினைவு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். இங்கே நான் எழுதுவது சோழர் காலப் பாட்டுகளில் வருகிற புலியைப் பற்றி மட்டும்.

போரில் ஆளை அடையாளம் கண்டது கொடியை வைத்தா, பூவை வைத்தா?

இரண்டையும் வைத்துத்தான். சேரனுக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி. கொடி தூரத்து அடையாளம், பூ கிட்டத்து அடையாளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன்.

புறநானூறு 45 இதற்கு நல்ல பாட்டு. உறையூரை நலங்கிள்ளி முற்றுகையிட்டிருக்கிறான். உள்ளே கதவடைத்து இருப்பவன் நெடுங்கிள்ளி. இருவரும் சோழர். கோவூர் கிழார் இடையில் நின்று சொல்கிறார்: உன்னை எதிர்ப்பவன் பனம்பூச் சூடியவன் அல்லன், வேம்பு சூடியவனும் அல்லன். உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி. ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். இந்தச் சண்டையைப் பார்த்து மகிழப்போகிறவர்கள் கொடி கட்டிய தேர் உடைய மற்ற வேந்தர்கள். "கொடித்தேர்" என்ற சொல் அங்கேதான் வருகிறது. அண்ணன் தம்பி சண்டைக்குள் வெளியாருடைய கொடி அசைகிறது பாருங்கள். இதைப் படிப்பிக்கும்போது வகுப்பு அமைதியாகிவிடும். நானும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன்.

மதுரைக் கொடிகள் கண்ணகியை "வராதே" என்றனவாமே, அது எங்கே வருகிறது?

சிலப்பதிகாரம், புறஞ்சேரி இறுத்த காதை. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு நடந்து நடந்து கடைசியில் வையைக் கரைக்கு வந்துவிட்டார்கள். மரப்புணையில் ஆற்றைக் கடக்கிறார்கள். வையை தன்மேல் பூவை ஆடையாகப் போர்த்தி, கண்ணில் நிறைந்த நீரை மறைத்துக்கொண்டு ஓடுகிறாள். அடுத்து அகழி. அதிலே குவளையும் ஆம்பலும் தாமரையும், இந்த இருவருக்கும் வரப்போகும் துயரத்தை ஐயமில்லாமல் அறிந்தவை போலக் கண்ணீரோடு நடுங்குகின்றன. அதற்கு அடுத்து மதில். அதன்மேல் கொடிகள்:

"போர்உழந்து எடுத்த ஆர்எயில் நெடுங்கொடி
வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட"

"வாரல்" என்றால் வராதே. ஆறும் பூவும் துணியும் அறிந்துவிட்டன. நடந்து வருகிற இரண்டு பேருக்கும்தான் தெரியவில்லை.

இதில் "போர் உழந்து எடுத்த" என்ற சொற்களைத் தாண்டிப் போகாதீர்கள். அவை வெற்றிக் கொடிகள். போரில் வென்று பெருமையோடு ஏற்றியவை. அந்தப் பெருமையே அந்நியருக்கு எச்சரிக்கை சொல்கிறது.

"மறித்து" என்ற சொல்லைப் பல காலம் நான் உரையை வைத்துத்தான் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். ஒரு வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போனபோதுதான் கண்ணால் கண்டேன். வீதியின் இருமருங்கும் நந்திக்கொடி கட்டியிருந்தார்கள். நந்திக்கடல் பக்கமிருந்து காற்று. காற்று பிடிக்கும்போது சீலை முழுதாக விரிந்து படபடக்கும். காற்று ஒரு நொடி தளரும்போது நுனி கீழே மடிந்து, பிறகு திரும்ப வெளியே வீசும். நம் முகத்துக்கு நேரே காற்று வந்தால் அந்த வீச்சு நம்மை நோக்கி வரும். உள்ளங்கையை வெளியே காட்டி "நில், நில்" என்கிற கை அதே மாதிரித்தான் இருக்கும். காற்று முதுகுப் பக்கமிருந்து வந்திருந்தால் அதே கொடி ஊருக்குள் பார்த்து அசைந்து, உள்ளே கூப்பிடுகிற மாதிரி இருந்திருக்கும்.

அதை வற்றாப்பளையில் கண்டது எனக்கு இன்னொரு காரணத்தாலும் மறக்காது. மதுரையை எரித்த பின் கண்ணகி இந்த நாட்டுக்கு வந்து பல இடங்களில் தங்கினாள், பத்தாவது பளைதான் வற்றாப்பளை என்பது நம் ஐதீகம். கடல்நீர் எடுத்து வந்து விளக்கெரித்துப் பொங்குகிறோம். கோவலன் கூத்தை விடிய விடிய ஆடி வந்த மண் இது. ஒரு நகரத்துக் கொடி "வராதே" என்று கை காட்டிய பெண்ணுக்கு இங்கே சனம் கொடி கட்டி வழி பார்த்து நிற்கிறது.

அப்படியென்றால் மிதிலையில் கொடி "வா" என்கிறதே? ரீச்சர், எது சரி?

இரண்டும் சரி. கம்பராமாயணம் மிதிலைக் காட்சிப் படலத்தின் முதல் பாட்டு இது. இராமன் மிதிலைக்குள் வரப்போகிறான். நகரமே பேசுவதாகக் கம்பர் வைக்கிறார்: நான் செய்த தவத்தால் திருமகள் தாமரையை விட்டு என்னிடம் வந்து இருக்கிறாள் என்று,

"செழுமணிக் கொடிகள் என்னும் கைகளை நீட்டி அந்தக்
கடிநகர் கமலச் செங்கண் ஐயனை
ஒல்லை வாஎன்று அழைப்பது போன்றது அம்மா"

"ஒல்லை வா" என்றால் கெதியாக வா. கொடிகள் இங்கேயும் கைதான். இளங்கோவின் கொடி ஒரு சோடி பிரியப்போவதை அறிந்து தடுக்கிறது. கம்பரின் கொடி ஒரு சோடி சேரப்போவதை அறிந்து அழைக்கிறது. துணிக்கு இரண்டு இடத்திலும் ஒரே வேலை, காற்றில் ஆடுவது. மிச்சம் எல்லாம் கவிஞன் ஏற்றியது.

இதற்குத்தான் தற்குறிப்பேற்ற அணி என்று பெயர். இயல்பாக நடப்பதன்மேல் கவிஞன் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது. பரீட்சைக்கு இரண்டு எடுத்துக்காட்டையும் அருகருகே எழுதுங்கள். அணியின் பெயரோடு நிறுத்தாமல், அந்த நேரம் கதையில் என்ன நடக்கப்போகிறது என்பதையும் ஒரு வரி சேருங்கள். பதிலுக்கு உயிர் அங்கேதான் வரும்.

அரசர் கொடி தவிர, சாதாரண சனத்தின் கொடி பற்றிப் பாட்டு உண்டா?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. பட்டினப்பாலையை எடுங்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனைப் பாடியது. காவிரிப்பூம்பட்டினத்தில் பறக்கிற கொடிகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். ஐந்து கொடி, ஐந்தும் வேறு வேறு கையால் ஏற்றப்பட்டவை.

முதலாவது, தெய்வம் உறையும் பூ அணிந்த வாயிலில் பலரும் தொழுகிற கொடி.

இரண்டாவது பண்டங்கள் குவித்த இடத்தில். மெழுகிய நிலத்தில் வெள்ளரிசியைப் பலியாகத் தூவி, கம்பு நட்டு, அதன்மேல் துகிற்கொடி ஏற்றியிருக்கிறார்கள். அது எப்படி இருக்கிறது? வெண்மணல் படிந்த காட்டாற்றங்கரையில் கரும்பு பூத்த மாதிரி. நம் வாய்க்கால் கரைகளில் நாணல் பூத்து வெள்ளையாய் ஆடுவதைக் கண்ட பிள்ளைக்கு இந்த உவமைக்கு உரையே வேண்டாம்.

மூன்றாவது ஆசிரியருடையது. பல கேள்விகளைக் கேட்டுத் துறைபோன நல்லாசிரியர் "உறழ் குறித்து எடுத்த உருகெழு கொடி". வாதுக்கு வர விரும்புகிறவன் வரலாம் என்று அறிவிக்கிற கொடி அது. படிப்புக்கு ஒரு கொடி பறந்திருக்கிறது என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறையும். நம் ஊர்ப் பட்டிமன்ற மேடைகளில் இதை ஒருநாள் கட்டிப் பார்க்கவேண்டும்.

நான்காவது கப்பலில். துறையில் நாவாய்கள் நெருங்கி நிற்கின்றன. அலையில் அவை ஆடுவது, கட்டிய தறியை அசைக்கிற யானை மாதிரி. அந்தப் பாய்மரத்தில் அசைகிற கொடி. முல்லைத்தீவுக் கரையில் கட்டிய வள்ளங்கள் இழுத்து இழுத்து அசைவதைப் பார்த்தவர்களுக்கு இந்த யானை உடனே தெரியும். அடுத்துச் சில அடிகளில் இந்தத் துறைக்கு வந்து இறங்கிய பொருள்களைச் சொல்லும்போது "ஈழத்து உணவும்" என்று வருகிறது. நம் பக்கத்திலிருந்து போன சாப்பாடும் இந்தக் கொடிகளுக்குக் கீழேதான் இறங்கியிருக்கிறது.

ஐந்தாவது கள்ளுக்கடைக் கொடி, "நறவுநொடைக் கொடி". மீன் வெட்டி, இறைச்சி பொரிக்கிற ஓசை கேட்கிற முற்றம், குவித்த மணல், சிதறிய பூ, பலர் போய்வருகிற வாசல். தவறணை வாசலைக் கோயில் வாசலோடு ஒரே மூச்சில் பாடியிருக்கிறார், எந்தக் கூச்சமும் இல்லாமல். கடைசியில் இத்தனை கொடிகளின் நிழலில் வெயில் நுழையாத நகரம் என்று முடிக்கிறார்.

மதுரைக்காஞ்சியிலும் இப்படி வருகிறதா?

வருகிறது. மாங்குடி மருதனார், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்குப் பாடியது. விழாவுக்கு ஏற்றிய கொடி, மதிலைக் கைப்பற்றும்போதெல்லாம் நாள்தோறும் ஏற்றிய கொடி, போரில் புகழ் சேர்த்த கொடி, கள்ளுக்கொடி எல்லாம் கலந்து, பெரிய மலைப்பக்கத்தில் அருவி விழுவதுபோல அசைகின்றன என்கிறார். வெண்துணியை அருவிக்கு ஒப்பிடுவது சங்கப் புலவர்களுக்குப் பிடித்த உவமை. பதிற்றுப்பத்திலும் வரும். வன்னி மேட்டிலும் குளத்திலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு அருவி கொஞ்சம் தூரம். கலிங்கில் குளத்து நீர் வழிவதை நினைக்கச் சொல்வேன்.

முருகனுக்குச் சேவற்கொடியா, மயிற்கொடியா?

சங்க நூல்களில் இரண்டும் உண்டு. குறுந்தொகையின் கடவுள் வாழ்த்து "சேவலங் கொடியோன் காப்ப" என்கிறது. திருமுருகாற்றுப்படையில் மலையில் ஆடிப் பாடும் சூரரமகளிர் "கோழி ஓங்கிய வென்றடு விறற்கொடி" நெடுநாள் வாழ்க என்று வாழ்த்துகிறார்கள். ஆனால் அகநானூறு 149இல் திருப்பரங்குன்றத்தைச் சொல்லும்போது "பல்பொறி மஞ்ஞை வெல்கொடி" என்று மயில் வருகிறது. புறநானூறு 56இலும் மயில்தான் உயர்கிறது.

சேவல் கொடியாகவும் மயில் ஊர்தியாகவும் நம் மனதில் பதிந்தது கந்தபுராணத்தால். சூரன் மாமரமாக நிற்க, வேல் பிளக்க, ஒரு பாதி சேவல், ஒரு பாதி மயில். சூரன்போரில் தலையை மாற்றி மாற்றிக் கடைசியில் சேவலும் மயிலும் வெளிப்படும்போது சின்னப் பிள்ளைகள் தகப்பனின் தோளில் இருந்து கத்துவார்கள். எதிரியை அழிக்காமல் கொடியில் ஏற்றி வைத்துக்கொண்டான் என்பதை அந்த வயதிலேயே கண்ணால் படித்துவிடுகிறார்கள்.

பனைக்கொடி யாருடையது? நம்முடையதா?

நம் பனையைக் கண்டு ஆசையோடு கேட்கிறார்கள். பனைக்கொடியோன் என்றால் பலராமன். புறநானூறு 56இல் நக்கீரர் சிவன், பலராமன், திருமால், முருகன் நால்வரையும் வரிசையாகச் சொல்லும்போது சங்கு போன்ற மேனியும் கலப்பையும் பனைக்கொடியும் உடையவன் என்கிறார். வயலும் பனையும் சேர்ந்த தெய்வம் என்று எடுத்துக்கொண்டால் வன்னிக்கு அவன் அந்நியன் இல்லை. பாரதத்தில் பீஷ்மருக்கும் பனைக்கொடிதான்.

பாரத, இராமாயண வீரர்களின் கொடிகளைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அருச்சுனனுக்கு அனுமன் கொடி. துரியோதனனுக்குப் பாம்பு, தருமனுக்கு முரசு. வில்லிபாரதத்தில் அவர்களை "அரவு உயர்த்தோன்", "முரசு உயர்த்தோன்" என்று கொடியாலேயே அழைப்பார்கள். பெயரே சொல்லத் தேவையில்லை. இராவணனுக்குக் கம்பரில் வீணைக்கொடி.

தொல்காப்பியத்தில் "கொடிநிலை" என்று வருவது கொடியா?

"கொடிநிலை கந்தழி வள்ளி" மூன்றும் கடவுள் வாழ்த்தோடு சேர்ந்து வரும் என்கிறது புறத்திணையியல். இதிலே உரைகாரர்களுக்குள் பெரிய வேறுபாடு. நச்சினார்க்கினியர் கொடிநிலையை ஞாயிறு என்கிறார். புறப்பொருள் வெண்பாமாலை, முப்பெருந்தேவர் கொடிகளில் ஒன்றோடு ஒப்பிட்டு அரசன் கொடியைப் புகழ்வது என்கிறது. எனக்கு இரண்டாவதுதான் மனதுக்கு ஒட்டுகிறது. பரீட்சையில் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

கோயில் கொடியேற்றம் பழைய நூல்களில் இருக்கிறதா?

இருக்கிறது. சிலப்பதிகாரத்து இந்திர விழாவில் "மங்கல நெடுங்கொடி வானுற எடுத்து" என்று வருகிறது. நந்திக்கொடிக்குத் திருவாசகம் பாருங்கள். திருத்தசாங்கத்தில் கிளியிடம் பெருமானின் பெயர், நாடு, ஊர் என்று பத்தும் கேட்டுக் கடைசியில் கொடி எது என்று கேட்க, "கோதிலா ஏறாம் கொடி" என்று விடை வருகிறது.

சிதம்பரத்தில் ஒருமுறை கொடி ஏறாமல் நின்றதாகவும், உமாபதி சிவாச்சாரியார் பாடியபின் ஏறியதாகவும் வரலாறு சொல்வார்கள். அந்தப் பாட்டுகள்தான் கொடிக்கவி. நான்கே பாட்டு, ஆனாலும் மெய்கண்ட சாத்திரம் எனப்படும் சைவ சித்தாந்த நூல்கள் பதினான்கில் ஒன்று. முதல் பாட்டு ஒளியும் இருளும் ஒரே இடத்தில் இருப்பதைச் சொல்லி, மும்மலத்தில் மூழ்கிய உயிர் அருளைக் கூடும்படி "கொடி கட்டினனே" என்று முடிகிறது. கொடித்தம்பத்தில் சீலை ஏறும்போது கயிறு ஓரிடத்தில் சிக்கிக்கொண்டால் கூட்டம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொள்ளும், கண்டிருப்பீர்கள். பிறகு அது அசைந்து ஏறும்போது "அரோகரா" என்று எழும் சத்தத்தோடு இந்தப் பாட்டை நினைத்துப் பாருங்கள். மடுமாதா ஆவணித் திருவிழாவுக்குக் கொடி ஏறும்போதும் சனத்தின் முகம் அப்படியே அண்ணாந்து நிற்கும்.

புத்தகம் கையில் இல்லை. எதில் தொடங்குவது?

இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் வீட்டு அலுமாரிகளோடு எத்தனையோ புத்தகம் போய்விட்டது. என்னுடையதும் போனது. இப்போது சங்க நூல்கள் பெரும்பாலும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் கைபேசியிலேயே கிடைக்கின்றன, காசும் இல்லை. பட்டினப்பாலையில் தொடங்குங்கள், மொத்தமே 301 அடி. கொடிப் பகுதி அதில் ஏறத்தாழ 25 அடிதான். முதலில் உரையைப் பார்க்கவேண்டாம். வாய்விட்டு வாசியுங்கள். நீளமாக ஓடிவந்து "பலர்தொழு கொடியும்" என்று ஒரு நிறுத்தம், "துகிற்கொடியும்" என்று ஒரு நிறுத்தம், "உருகெழு கொடியும்" என்று இன்னொன்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை நிமிர்த்தி மேலே ஒரு துணியைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.